துப்பாக்கி ரிப்பேர்: கொடுத்தவருக்கு ஆறு மாதம், வாங்கியவருக்கு ஏழு வருடம்!

துப்பாக்கி என்றதும் எல்லோருக்கும் இரண்டு பேர்தான் ஞாபகம் வருவார்கள். ஒன்று, சுடுகிறவர். இன்னொன்று, செய்து விற்கிறவர். சினிமாவிலும் அப்படித்தான், செய்தித்தாளிலும் அப்படித்தான். இவர்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். குதிரை நிற்கவில்லை, ஸ்பிரிங் போய்விட்டது, கட்டை விரிந்துவிட்டது என்று கொண்டுவருகிற துப்பாக்கியைச் சரிசெய்து கொடுப்பவர். இவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

ஆனால் இந்தியச் சட்டம் இவரை மறக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவை எடுத்துப் பார்த்தால் தெரியும். உற்பத்தி செய்வது, விற்பது, கைமாற்றுவது, ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவது, பழுதுபார்ப்பது, சோதித்துப் பார்ப்பது... எல்லாம் ஒரே மூச்சில் அடுக்கப்பட்டிருக்கும். இதில் எதைச் செய்யவும் உரிமம் வேண்டும். அதாவது, சட்டத்தின் கண்ணில் புதிதாக ஒரு துப்பாக்கி செய்பவரும், பழைய துப்பாக்கியின் ஸ்பிரிங்கை மாற்றிப் போடுபவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்!

இது சரியா? பாதி சரி, பாதி தப்பு. எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

கோபியில் எதற்குத் துப்பாக்கி?

கோபிசெட்டிபாளையம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பச்சை வயலும், கொடிவேரி அணையும், சினிமா ஷூட்டிங்கும்தான் ஞாபகம் வரும். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாயும் இடமெல்லாம் நெல், கரும்பு, வாழை, மஞ்சள். ஆனால் கோபியிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் காட்சி மாறிவிடும். டி.என்.பாளையம், பங்களாபுதூர், குண்டேரிப்பள்ளம் அணை என்று போகப்போக மலையும் காடும் வந்துவிடும். அந்தப் பக்கம் சத்தியமங்கலம் காடு. 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பக்கம் அந்தியூர், பர்கூர் மலை.

இந்த மலையடிவாரத்தில் பண்ணையம் பார்ப்பவர்களுக்கு ராத்தூக்கம் என்பது வாய்த்தால் உண்டு. யானை ஒரு பக்கம், காட்டுப்பன்றி ஒரு பக்கம். கடலைக்காய்க் காடும் குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமும் ஒரே ராத்திரியில் காலியாகிவிடும். அதனால்தான் பழைய குடும்பங்கள் சிலவற்றில் உரிமத்தோடு துப்பாக்கி இருப்பது வழக்கம். பெரும்பாலும் குழலின் வாய்வழியே கரிமருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற பழைய மாதிரி, அல்லது தோட்டா போடுகிற ஒற்றைக்குழல், இரட்டைக்குழல். (யாழ்ப்பாணத்துத் தமிழில் துப்பாக்கிக்குத் 'துவக்கு' என்று பெயர். வாய்வழி மருந்திடிக்கிற துப்பாக்கியை அங்கே 'இடியன் துவக்கு' என்பார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!)

இந்தத் தேவையைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில், பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே தேவைப்படும் வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தருவது பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசு முடிவுப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை மட்டும், அதுவும் வனத்துறை வழியாகத்தான் சுடலாம். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே அப்படி இல்லை. ஆக, கொங்கு விவசாயியின் துப்பாக்கி பெரும்பாலும் சத்தம் போட்டு விரட்டத்தான். வருடத்தில் சில நாட்கள் வெடிக்கும். மீதி நாளெல்லாம் சுவரில் தொங்கும், அல்லது பீரோவில் கிடக்கும்.

கிடக்கிற இரும்பு என்ன ஆகும்? துரு பிடிக்கும். இங்கேதான் பிரச்சனை ஆரம்பிக்கிறது.

பழுதான துப்பாக்கி யாருக்கு ஆபத்து?

கரிமருந்து எரிந்தபின் குழலுக்குள் ஒரு கசடு தங்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சுட்டபின் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடாவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும். உள்ளே குழலின் தடிமன் குறைந்திருக்கும். ஒருநாள் கொஞ்சம் மருந்து அதிகமாகப் போட்டுவிட்டால் குழல் வெடிக்கும். அதைப் பிடித்திருப்பது இடது கை.

இன்னொரு ஆபத்து குதிரையில் இருக்கிறது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது ஒரு வெட்டில் போய் உட்கார வேண்டும். அந்த நிலையில் விசையை இழுத்தாலும் வெடிக்கக்கூடாது. அதுதான் பழைய துப்பாக்கியின் பூட்டு மாதிரி. வருடக்கணக்கில் தேய்ந்து அந்த வெட்டு மழுங்கிவிட்டால், துப்பாக்கியைக் கீழே வைக்கும்போதோ, வண்டியில் குலுங்கும்போதோ குதிரை தானாக விழுந்துவிடும். கேப் மாட்டியிருந்தால் அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பது மகனா, பண்ணையத்தாளா என்று அதற்குத் தெரியாது.

அதனால் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பது ஆடம்பரம் அல்ல. துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி கொடுத்த அரசு, அதை ஆபத்தில்லாமல் வைத்திருக்க வழியும் காட்ட வேண்டும் அல்லவா?

சட்டம் வந்த கதை

ஆயுத உரிமம் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. சுதேசி மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே 1878-இல்தான் வந்தது. ஒரே வருடத்தில் பேனாவுக்கும் பூட்டு, துப்பாக்கிக்கும் பூட்டு! அந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு ஒரு நீதி, ஐரோப்பியர்களுக்கு ஒரு நீதி என்று இருந்தது.

விடுதலைக்குப் பிறகு 1959-இல் புதிய சட்டம் வந்தது. 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கூடவே 1962 ஆயுத விதிகள். ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த விதிகள்தான் ஓடின. பிறகு 2016 ஜூலையில் புதிய ஆயுத விதிகள் வந்தன. உரிமம் வைத்திருப்பவர்களை எல்லாம் ஒரு தேசியத் தகவல் தொகுப்பில் சேர்த்து, ஆளுக்கு ஒரு தனி எண் கொடுப்பது இந்த விதிகளில் முக்கியமான விஷயம். கடைசியாக 2019 டிசம்பரில் சட்டத்திருத்தம். ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. உரிமத்தின் காலம் மூன்று வருடம் என்பது ஐந்து வருடமாக நீண்டது.

அந்தத் திருத்தத்தில் அதிகம் பேசப்படாத ஒன்று தண்டனை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்தாலோ, விற்றாலோ, பழுதுபார்த்தாலோ முன்பு 3 முதல் 7 வருடம் வரை சிறை. இப்போது குறைந்தபட்சமே 7 வருடம். அதிகபட்சம் ஆயுள் தண்டனை. துப்பாக்கியைப் 'பழுதுபார்ப்பதற்காக வைத்திருப்பது' கூட இதற்குள் வந்துவிடும். அதாவது, பட்டறை மூலையில் சாத்தி வைத்திருந்தாலே போதும்.

சரி, துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு என்ன தண்டனை? அதே சட்டத்தின் 29-வது பிரிவு. வாங்குகிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஆயுதத்தை ஒப்படைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உரிமம் வைத்திருப்பவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கலெக்டர் அலுவலகம் ஏறி இறங்கியவர், உரிமப் புத்தகத்தைப் புதுப்பித்தவர். அவருக்கு 500 ரூபாயோடு போய்விடக்கூடும். அவர் கொடுத்ததை வாங்கி, "ஸ்பிரிங் மாத்தோணும், நாளைக்கு வாங்க" என்று சொன்ன கொல்லருக்கோ லேத் பட்டறைக்காரருக்கோ குறைந்தது ஏழு வருடம்! ஒரே செயலின் இரண்டு பக்கம். தராசு இவ்வளவு சாய்ந்தால் அது தராசே அல்ல.

உரிமக் கடைகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

"உரிமம் உள்ள கடைக்குப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கடை இருந்தால்தானே போக முடியும்?

உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி 2016 டிசம்பர் இறுதியில் இந்தியா முழுவதும் சுமார் 33.7 லட்சம் ஆயுத உரிமங்கள் இருந்தன. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.8 லட்சம். பக்கத்துக் கர்நாடகத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் எவ்வளவு தெரியுமா? சுமார் 22 ஆயிரம்தான். இவ்வளவு பெரிய மாநிலத்தில் 22 ஆயிரம் உரிமம் என்றால், துப்பாக்கி ரிப்பேரை மட்டும் நம்பி ஒருவர் பிழைக்க முடியுமா? முடியாது. அதனால் இந்தத் தொழிலில் புதிதாக யாரும் வருவதில்லை. இருக்கிற கடைகளும் பெரிய நகரங்களில்தான். கோபிப் பக்கத்து விவசாயி என்றால் ஈரோடு, இல்லை கோயமுத்தூர் என்று பார்க்க வேண்டும். கோவைக்கு மட்டும் சுமார் 80 கிலோமீட்டர். ஒரு சின்ன ஸ்பிரிங்குக்காகத் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறுவதா?

"ஏனுங்க, இதுக்குப் போயி கோயமுத்தூருக்கா போறது?" என்ற கேள்வி வந்துவிடும். அடுத்த தெருவிலேயே பட்டறை இருக்கிறது. கொங்கு நாட்டில் லேத் பட்டறைக்குப் பஞ்சமா என்ன? பம்ப்செட்டும் மோட்டாரும் மில் உதிரிபாகங்களும் செய்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர்ப்பக்கம் இது. ஒரு ஸ்பிரிங்கும் ஒரு ஸ்க்ரூவும் செய்ய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் ஏழு வருடம்.

நோட்டுப் புத்தகத்தின் அருமை

இப்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். "சின்ன ரிப்பேர்தானே, உரிமமே வேண்டாம் என்று விட்டுவிடலாமே" என்று சொன்னால் அது பெரிய தப்பு.

உரிமம் பெற்ற கடையில் மிக முக்கியமான பொருள் எது? கண்ணாடி அலமாரியில் இருக்கும் துப்பாக்கி அல்ல, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவேடு. எந்தத் துப்பாக்கி வந்தது, அதன் எண் என்ன, யாருடையது, அவருடைய உரிமம் எது, எப்போது வந்தது, எப்போது போனது, கையிருப்பு எவ்வளவு, தோட்டா எத்தனை விற்றது... எல்லாம் அதில் இருக்க வேண்டும். தோட்டா விற்றால் வாங்குபவரின் உரிமத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வந்து கேட்டால் பதிவேட்டையும் சரக்கையும் காட்ட வேண்டும். கணக்கில் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர்தான்.

இது வெறும் குமாஸ்தா வேலை போலத் தெரியும். அப்படி இல்லை. ஒரு துப்பாக்கி பிறந்ததிலிருந்து எந்தெந்தக் கைக்குப் போனது என்கிற சங்கிலி அது. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால், அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கியைத் தேட முடியாது. பழுதுபார்க்கும் பட்டறை அந்தக் கண்ணி அறுவதற்கு வசதியான இடம். ஏன் என்றால் அங்கேதான் குழலை வெட்டிக் குட்டையாக்கலாம், எண்ணை ராவி எடுக்கலாம், இரண்டு உடைந்த துப்பாக்கியிலிருந்து கணக்கில் வராத மூன்றாவது ஒன்றை உருவாக்கலாம். அதனால்தான் சட்டத்தின் 6-வது பிரிவு குழலைக் குட்டையாக்குவதற்கும், 8-வது பிரிவு எண்ணை அழிப்பதற்கும் தனித்தனியாகத் தடை போட்டிருக்கிறது.

இன்னொரு சுவையான விஷயம். உதவாக்கரைத் துப்பாக்கிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் எதை உதவாக்கரை என்கிறது? 45-வது பிரிவின்படி, பழுதுபார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, சுடவே முடியாததாக இருக்க வேண்டும். அதாவது தாத்தா காலத்தில் உடைந்து பரணில் கிடக்கும் துப்பாக்கி, யாராவது சரிசெய்தால் வெடிக்கும் என்றால் அது இன்றைக்கும் துப்பாக்கிதான். செத்த துப்பாக்கியை உயிர்ப்பிப்பவர் பழுதுபார்ப்பவர். அவர் கையில் அவ்வளவு அதிகாரம் இருக்கிறது. அதனால் அவர் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டப்படி, பழுதுபார்ப்பவரும் துப்பாக்கி வியாபாரிதான். காவல்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரவையும் போக்கையும் 24 மணி நேரத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கி கத்தரிக்காய் மாதிரி கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அங்கேயும் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்தால் மத்திய அரசின் உரிமம் வேண்டும். 1968-இல் வந்த சட்டம்தான். வந்த துப்பாக்கி, போன துப்பாக்கி என்று ஒரு கட்டுப்புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதில் நடைமுறை தெரிந்தவர்கள் வைத்த ஒரு சலுகை உண்டு. சொந்தக்காரர் அன்றைக்கே கொண்டுவந்து, அன்றைக்கே சரிசெய்து வாங்கிக்கொண்டு போய்விட்டால் பதிவு தேவையில்லை. ராத்திரி கடையில் தங்கினால்தான் புத்தகத்தில் ஏற வேண்டும். முன்பு இந்தப் பதிவுகளை 20 வருடம் வைத்திருந்தால் போதும் என்று இருந்தது. 2022 ஆகஸ்டில் வந்த விதியின்படி, தொழிலை மூடும் வரைக்கும் அழிக்கக்கூடாது. எண் இல்லாத வீட்டுத் தயாரிப்புத் துப்பாக்கி சரக்காக உள்ளே வந்தால், அதற்கு ஓர் எண் பொறித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்த விதிகளை எதிர்த்து, பாகங்களாக விற்கும் துப்பாக்கிப் பெட்டிகள் தொடர்பாகப் போடப்பட்ட வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசுக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது.

அங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கித் தொழில் செய்தால் அதிகபட்சம் 5 வருடம். இங்கே குறைந்தபட்சமே 7 வருடம். ஆனால் எந்த நாட்டில் துப்பாக்கிச் சாவு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அமெரிக்காவைப் பார்த்து நாம் தளர்த்த வேண்டும் என்று சொல்வது பைத்தியக்காரத்தனம். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர்கள் ரிப்பேரை ரிப்பேராகப் பார்க்கத் தெரிந்திருக்கிறார்கள்.

"விட்டுக்கொடுத்தால் ஊரெல்லாம் துப்பாக்கியாகிவிடுமே!"

இந்தப் பயம் நியாயமானது. மூன்று உதாரணங்களை எடுத்துப் பார்க்கலாம்.

முதலாவது பீகாரின் முங்கேர். வங்காள நவாப் மீர் காசிம் பதினெட்டாம் நூற்றாண்டில் தலைநகரை அங்கே மாற்றிய காலத்திலிருந்து துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர். உரிமம் பெற்ற சிறு தொழிற்கூடங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் ஆர்டர் குறைந்து, கூலி குறைந்து, கைத்திறன் உள்ள தொழிலாளிகள் பலர் கள்ளத்துப்பாக்கி செய்பவர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். இன்றைக்கு முங்கேர் என்றாலே போலீசுக்குக் கள்ளத்துப்பாக்கிதான் ஞாபகம் வருகிறது. இதில் பாடம் என்ன? தொழில் தெரிந்த கைக்குச் சட்டப்படி வேலை இல்லாவிட்டால் அது சும்மா இருக்காது.

இரண்டாவது, சேலம் மாவட்டம் ஓமலூர். 2022 மே மாதம் வாகனச் சோதனையில் இளைஞர்கள் இருவர் துப்பாக்கிகளோடு பிடிபட்டார்கள். யூடியூப் பார்த்துத் தாங்களே செய்ததாகச் செய்தி வந்தது. தேசியப் புலனாய்வு முகமை வரை வழக்குப் போனது. இவர்கள் ரிப்பேர் உரிமம் வாங்கி வழி தவறியவர்கள் அல்ல. உரிம விதியைக் கடுமையாக்கியதால் இவர்கள் நிற்கவும் இல்லை. தண்டனையைக் கூட்டிய 2019 திருத்தத்துக்குப் பிறகுதான் இது நடந்தது.

மூன்றாவது ஜம்மு காஷ்மீர். அங்கே சில வருடங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆயுத உரிமங்கள் தகுதியில்லாதவர்களுக்குக் கொடுக்கப்பட்டதாக சிபிஐ சொல்கிறது. 2017-இல் ராஜஸ்தான் போலீஸ் கண்டுபிடித்த மோசடி அது. அதிகாரிகளோடு துப்பாக்கி வியாபாரிகளும் விசாரணைக்குள் வந்தார்கள். காகிதம் எல்லாம் பக்காவாக இருந்தது, காகிதத்தில் இருந்ததுதான் பொய்! பதிவேடு இருந்தால் மட்டும் போதாது, அதை இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இந்த மூன்றிலும் எங்கேயாவது ஒரு கிராமத்துக் கொல்லர் ஸ்பிரிங் மாற்றியதால் கேடு வந்ததா? இல்லை. ஆனால் சட்டத்தின் முழுப் பாரமும் அவர் தலையில்தான் ஏறுகிறது.

நம் பக்கத்துக்கே வருவோம். 2004 அக்டோபர் 18-இல் வீரப்பன் சுட்டுக்கொல்லப்படும் வரை சத்தியமங்கலம், அந்தியூர் பக்கம் நாட்டுத்துப்பாக்கி என்ற சொல்லே பயத்தைக் கிளப்பும். அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் கள்ளத் துப்பாக்கி போகவில்லை. கொல்லிமலை, கல்வராயன் மலை, பச்சமலைப் பக்கமெல்லாம் "உரிமம் இல்லாத துப்பாக்கியை ஒப்படைத்துவிடுங்கள், வழக்கு இல்லை" என்று காவல்துறை பலமுறை அறிவித்திருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பொது இடத்தில் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மிரட்டி வாங்க முடியாததை ஒரு வாய்ப்புக் கொடுத்து வாங்க முடிந்திருக்கிறது. இதையும் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ஒன்று: பழுதுபார்ப்பதற்கு மட்டும் தனியாக ஒரு எளிய உரிமம். செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது, குழலைத் தொடவும் கூடாது. ஸ்பிரிங், ஸ்க்ரூ, கட்டை, குதிரை, சுத்தம் செய்தல், அவ்வளவுதான். தாலுகாவுக்கு ஒருவர் இருந்தால் போதும். போலீஸ் விசாரணை, பயிற்சி, பூட்டுப் போட்ட அறை எல்லாம் கட்டாயம்.

இரண்டு: உரிமத்தை எளிதாக்கலாம், பதிவேட்டை எளிதாக்கக் கூடாது. சொல்லப்போனால் இன்னும் இறுக்க வேண்டும். தேசியத் தகவல் தொகுப்பில் உரிமக்காரரின் எண் ஏற்கெனவே இருக்கிறது. பழுதுபார்ப்பவர் அந்த எண்ணைப் போட்டால்தான் ரசீது வர வேண்டும். உரிமம் காலாவதியானால் ரசீது வராது. துப்பாக்கியின் எண் பொருந்தாவிட்டால் உடனே காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். அப்போது அந்தப் பட்டறை காவல்துறைக்கு இன்னொரு கண்ணாக மாறிவிடும்.

மூன்று: தண்டனையைப் பிரிக்க வேண்டும். புதிதாகச் செய்பவர், எண்ணை அழிப்பவர், குழலை வெட்டுபவர், இவர்களுக்கு ஏழு வருடம் என்ன, அதற்கு மேலும் கொடுக்கலாம். உரிமம் உள்ள ஒருவரின் துப்பாக்கிக்குச் சின்ன ரிப்பேர் செய்த, வேறு எந்தத் தப்பும் செய்யாத தொழிலாளியை அவர்களோடு ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள பாரம் சமமாக வேண்டும். எங்கே கொடுக்கலாம், எங்கே கொடுக்கக் கூடாது என்று உரிமப் புத்தகத்திலேயே தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நான்கு: இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மாவட்ட ஆயுதப்படையில் ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் ஒருநாள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "இது சுடத் தகுதியானது, இது ஆபத்து" என்று சீட்டு எழுதிக் கட்டினால் போதும். பைக்குக்குப் புகைச் சான்று கேட்கிற நாட்டில், துப்பாக்கிக்கு ஒரு தகுதிச் சான்று கேட்கக் கூடாதா?

முடிவாக...

துப்பாக்கி குறைவாக இருப்பது தமிழ்நாட்டின் பெருமை. அது குறைவாகவே இருக்கட்டும். ஆனால் இருக்கிற கொஞ்சமும் கணக்கில் இருக்க வேண்டும், கையை உடைக்காமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் பழுதுபார்ப்பவர்தான். அவரைப் பயமுறுத்தி ஒளிய வைத்தால், துப்பாக்கியும் அவரோடு சேர்ந்து இருட்டுக்குப் போய்விடும். வெளிச்சத்தில் உட்கார வைத்து, கையில் ஒரு பேனாவும் எண் போட்ட ஒரு பதிவேடும் கொடுத்தால், அவர் எழுதுகிற ஒவ்வொரு வரியும் நம்முடைய பாதுகாப்பு.

ஒரு ஸ்பிரிங்குக்கு ஏழு வருடம் என்பது நீதியா? நீங்களே சொல்லுங்கள்.